குன்றின் மேலே பீரங்கி, குன்றின் கீழே கித்தா
(கோலசிலாங்கூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு வரலாற்று ஊரை எப்படிப் பார்க்க வேண்டும்? இதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இப்போது நம் ஆட்களும் சீட்டுப் பிடித்தாவது ஐரோப்பா போய் வருகிறார்கள். நல்ல சங்கதி, போகட்டும். திரும்பி வந்து படம் காட்டுகிறார்கள். அந்தப் படங்களில் அடிக்கடி வரும் ஊர் அமால்ஃபி. தெற்கு இத்தாலியில், மலைக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கியடித்து நிற்கும் சின்ன ஊர். ஒரு காலத்தில் வெனிஸ், ஜெனோவா, பீசா இவற்றோடு சரிக்குச் சரி நின்ற கடல் வாணிக அரசு அது. 1135இலும் 1137இலும் பீசாக்காரர்கள் வந்து சூறையாடினார்கள். 1343இல் கடல் பொங்கி வந்து துறைமுகத்தையே விழுங்கிவிட்டது. அதன் பிறகு அந்த ஊர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ஆனாலும் இன்றைக்கு உலகமே அங்கே போகிறது.

எதைப் பார்க்கப் போகிறது? தேவாலயத்தைப் பார்க்கிறார்கள். கான்ஸ்டாண்டிநோபிளில் வார்த்துக் கொண்டுவந்த வெண்கலக் கதவைப் பார்க்கிறார்கள். அதோடு நின்றார்களா? நிற்கவில்லை. பழைய காகித ஆலை ஒன்றை அப்படியே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். கந்தல் துணியைக் கூழாக இடித்த மரச் சம்மட்டிகள் அங்கே இருக்கின்றன. கூழை அள்ளிய சல்லடைச் சட்டங்கள் இருக்கின்றன. ஊருக்குப் பின்னால் மலைச்சரிவில் எலுமிச்சைத் தோட்டங்கள் அடுக்கடுக்காக ஏறுகின்றன. ஒவ்வோர் அடுக்கையும் தாங்கும் கற்சுவர், குடியானவன் தலையில் சுமந்துவந்து வைத்த கல். 1997இல் யுனெஸ்கோ அந்தக் கரையை உலகப் பாரம்பரியம் என்று அறிவித்தபோது, தேவாலயத்தோடு அந்தச் சரிவு நிலங்களையும் சேர்த்துத்தான் அறிவித்தது. கதவைச் செய்வித்த செல்வனுக்கும் மரியாதை, கல் சுமந்த கூலிக்காரனுக்கும் மரியாதை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். கோலசிலாங்கூருக்கு வருகிறவனுக்கு நாம் எதைக் காட்டுகிறோம்? புக்கிட் மெலாவத்திக் குன்றைக் காட்டுகிறோம். குன்றின் மேலே இருக்கும் பீரங்கியைக் காட்டுகிறோம். குரங்கைக் காட்டுகிறோம். பொழுது சாய்ந்தால் மின்மினிப்பூச்சியைக் காட்டுகிறோம். பிறகு பாசிர் பெனம்பாங்கில் நண்டு சாப்பிட வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். குன்றைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கிறதே தோட்டக்காடு, அதை யார் காட்டுகிறார்கள்? யாருமில்லை. என் வழக்கு இது ஒன்றுதான்.

அதற்காகக் குன்றைக் குறைத்துப் பேச வரவில்லை. குன்றுக்கு முதலில் போவோம். போனால் முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

சிலாங்கூர் சுல்தான் பரம்பரை இந்த ஆற்றுமுகத்தில்தான் தொடங்கியது. புகிஸ் வம்சத்து ராஜா லூமு, 1766இல் சுல்தான் சலேஹுடின் என்ற பெயரோடு முதல் சுல்தானாக அரியணை ஏறினார். அவருடைய மகன் சுல்தான் இப்ராகிம். இந்த மகன் சாதாரண ஆள் இல்லை. ரியாவிலிருந்து வந்த ராஜா ஹாஜியோடு சேர்ந்து, டச்சுக்காரர்கள் கையிலிருந்த மலாக்காவையே முற்றுகை போட்டார். 1784 ஜூனில் ராஜா ஹாஜி போரில் விழுந்தார். டச்சுக்காரன் விடுவானா? அதே ஆண்டு ஆகஸ்டில் கப்பல்களோடு வந்து கோலசிலாங்கூரைப் பிடித்தான். குன்றின் மேல் இருந்த கோட்டைக்கு, பத்தாவியாவில் இருந்த தன் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரை வைத்து, ஆல்டிங்ஸ்பர்க் என்றான்.

சுல்தான் என்ன செய்தார்? சரணடைந்தாரா? இல்லை. காட்டு வழியே பகாங் போனார். அந்த நாட்டை ஆண்ட பெண்டஹாராவின் உதவியோடு ஆள் திரட்டினார். மறு ஆண்டே, 1785இல், இருட்டோடு இருட்டாகக் குன்றேறி அடித்தார். டச்சுக்காரன் கனமான பீரங்கிகளை அப்படியே போட்டுவிட்டுக் கப்பலுக்கு ஓடினான். ஓராண்டுகூட முழுசாக நிலைக்காத ஒரு ஆக்கிரமிப்பு அது. ஆனால் பாருங்கள், பெயர் மட்டும் இன்னும் போகவில்லை. குன்றின் மேல் இருக்கும் கலங்கரை விளக்கத்துக்கு இன்றும் ஆல்டிங்ஸ்பர்க் என்றுதான் பெயர். தோற்று ஓடியவன் பெயர் விளக்கின் மேல் இருக்கிறது. காடழித்து இந்த மண்ணைச் சீர்ப்படுத்தியவன் பெயர் ஒரு பலகையிலாவது உண்டா?

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை சொல்லியாக வேண்டும். இதே டச்சுக் கம்பெனிக்கு நம்முடைய இன்னொரு கடற்கரை ஊரோடும் உறவு இருந்தது. அது எந்த ஊர்? நாகப்பட்டினம். 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்து, பின்னர் சோழமண்டலக் கரையில் தன் தலைமையிடமாக வைத்திருந்தது அந்தக் கம்பெனி. 1781இல் ஆங்கிலேயரிடம் அதை இழந்தது. 1784இல் உடன்படிக்கை எழுதிக் கையைக் கழுவியது. அதே 1784இல்தான் இங்கே வந்து கோலசிலாங்கூரைப் பிடித்தது! அங்கே ஒரு கடல் வாசல் போகிறது, இங்கே ஒரு கடல் வாசல் கிடைக்கிறது. கம்பெனிக்கு இரண்டும் கணக்குப் புத்தகத்தில் இரண்டு வரி. அங்கே துணி, இங்கே ஈயம்.

ஆனால் நமக்கு? நம் பாட்டன் பூட்டன் கப்பலேறிய ஊர் நாகப்பட்டினம். அவர்கள் பேரப்பிள்ளைகள் வந்து நிற்கும் ஊர் கோலசிலாங்கூர். ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் கட்டினான் என்று மேடைக்கு மேடை பெருமையாகப் பேசுகிறோம். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அந்தக் கப்பலைப் பேசுகிற நாம், நூறு ஆண்டுக்கு முந்திய கப்பலைப் பேசக் கூச்சப்படுகிறோம். ஏன்? முன்னதில் வந்தவன் வணிகன், பின்னதில் வந்தவன் கூலி. அவ்வளவுதானே காரணம்?

சரி, குன்றில் இன்னும் கொஞ்சம் சுற்றுவோம். முதல் மூன்று சுல்தான்களின் அடக்கத்தலம் இருக்கிறது, செருப்பைக் கழற்றிவிட்டு அமைதியாகப் பார்க்க வேண்டிய இடம். மாவட்ட வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. தலை வெட்டிய கல் என்றும் விஷக் கிணறு என்றும் இரண்டு சமாசாரம் காட்டுவார்கள். பயமுறுத்துகிற கதைக்கு எப்போதுமே கூட்டம் சேரும். எனக்கு அவற்றில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அதைவிட, கடல் பக்கம் திரும்பி நின்று 1871ஐ நினைத்துப் பாருங்கள். கிள்ளான் போர் நடந்துகொண்டிருந்த காலம். பினாங்குக் கப்பல் ஒன்றைக் கடற்கொள்ளையர்கள் பிடித்தார்கள் என்ற காரணத்தைச் சொல்லி, ரினால்டோ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஜூலை மாதம் இந்த ஆற்றுமுகத்துக்கு வந்து, கோட்டையைக் குண்டுபோட்டுத் தகர்த்தது. மூன்றே ஆண்டில், 1874இல், ஆங்கிலேய ஆலோசகர் சிலாங்கூருக்குள் வந்துவிட்டார். அதன் பிறகு நடந்ததெல்லாம் நம் கதை.

குரங்கைப் பற்றி ஒரு வார்த்தை. சாம்பல் நிறத்தில் சாதுவாக வந்து தோளில் ஏறுமே, அது லோத்தோங். அதன் குட்டி ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும். சில மாதங்களில் தாயின் நிறத்துக்கு மாறிவிடும். அது இலை தின்னும் சாதி, அதன் வயிறு இலையை ஊறவைத்துச் செரிக்கும் வயிறு. அதற்கு ரொட்டியும் முறுக்கும் போடாதீர்கள். நம் வீட்டு விருந்தோம்பலை அங்கே காட்ட வேண்டாம்.

இப்போது கலங்கரை விளக்கத்துக்கு வாருங்கள். ஆங்கிலேயர் இதைக் கட்டியது 1907. இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே 1907இல்தான் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்றைச் சட்டமாக்கினார்கள். தோட்ட முதலாளிகள் எல்லாரும் அதில் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆள் ஏற்றி வருவார்கள். கங்காணி ஊருக்குப் போவார். நல்ல வேட்டி கட்டி, விரலில் மோதிரம் போட்டுப் போவார். ஆள் சேர்ப்பார். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் முகாம். அங்கிருந்து கப்பல். பினாங்கு, பிறகு 1901இல் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான். வரைபடத்தை விரித்துப் பாருங்கள். பினாங்கிலிருந்து போர்ட் சுவெட்டன்ஹாம் போகிற கப்பல் எந்தக் கடலைக் கடக்கும்? நம் கடலைத்தான். இரவில் யாராவது மேல்தட்டில் நின்றிருந்தால், இந்தக் குன்றின் வெளிச்சம் அவர் கண்ணில் பட்டிருக்கக்கூடும்.

குன்றிலிருந்து இறங்குவோம். இனி நான் கொஞ்சம் நின்று பேசுவேன்.

கித்தாக்காடு, அதாவது ரப்பர்த் தோட்டம். விடியுமுன் பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. இருட்டில் தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். தூங்குகிற பிள்ளையைத் துணியோடு அள்ளி ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, தாய் தன் நெரைக்கு ஓடுவாள். நெற்றியில் விளக்கு, கையில் உளி. முதலில் நேற்றைய வெட்டின் மேல் காய்ந்திருக்கும் கோட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட வேண்டும். பிறகு பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் கூடினால் மரத்தில் காயம், கங்காணியிடம் ஏச்சு. அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற ஒரு மயிரிழையை, இருட்டில், கொசுக்கடியில், மரத்துக்கு மரம் பிடிக்க வேண்டும். ஏன் அவ்வளவு சீக்கிரம்? வெயில் ஏறுவதற்கு முன், குளிர்ச்சியில்தான் மரத்தின் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் நின்றுவிடும். மழை பெய்தால்? பட்டை நனைந்து பால் கண்டபடி வழியும். அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. உலகத்தின் மோட்டார் வண்டிகளெல்லாம் இந்தக் கையில் பிறந்த ரப்பரில் ஓடின. இது வரலாறு இல்லையென்றால் வேறு எது வரலாறு?

இங்கே உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களின் விரல்களில் அந்த உளி இன்னும் இருக்கிறது. நான் சொன்னதில் ஏதாவது பிசகு இருந்தால் கூட்டம் முடிந்ததும் திருத்துங்கள்.

அடுத்து, நம் மாவட்டத்து ரந்தாவ் பஞ்சாங். ஆன்றி ஃபோகொன்னியே என்று ஒரு பிரெஞ்சுக்காரர். 1905இல் மலாயாவுக்கு வந்தார், இந்த வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டம் போட்டார். 1911இல் சுமத்ராவிலிருந்து செம்பனை விதை கொண்டுவந்து நட்டார். மேற்கு ஆப்பிரிக்காவின் மரம் அது. அதுவரை மலாயாவில் அழகுக்கு வைத்த மரம். 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில், 1917இல் அதை வணிகப் பயிராக நட்டார்கள். மலேசியாவின் முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். தோட்டத்தின் பெயர் என்ன? தென்னமரம். விளக்கம் வேறு வேண்டுமா?

இன்று இந்த நாடு உலகத்துக்குச் செம்பனை எண்ணெய் விற்கிறது. உங்கள் வீட்டுச் சவர்க்காரத்தில் இருக்கிறது, பிஸ்கட்டில் இருக்கிறது. அதன் முதல் குழி நம் மாவட்டத்தில் வெட்டப்பட்டது. குலை பழுத்ததா என்று எப்படித் தெரியும்? கீழே உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்த்து. நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, கழுத்து வலிக்க அண்ணாந்து, குலையை அறுத்துத் தள்ள வேண்டும். ஒதுங்கத் தெரியாதவன் தலையில் விழும். உதிரிப் பழம் பொறுக்கியது பெண்கள், களைக்கொல்லி மருந்து அடித்ததும் பெரும்பாலும் பெண்கள். அறுத்த குலை மறுநாளுக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும், இல்லையென்றால் எண்ணெயில் புளிப்பு ஏறித் தரம் கெடும். அதனால்தான் தோட்டத்துக்குள்ளேயே ஆலை, ஆலையைச் சுற்றி லயம்.

அந்த ஃபோகொன்னியே பிறகு ஒரு நாவல் எழுதினார். பெயர் 'மலேசி'. 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு அதற்குக் கிடைத்தது. பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசு அது. நம் தோட்டக்காட்டிலிருந்து கிளம்பிய கதை பாரிஸில் மாலை வாங்கியிருக்கிறது. நம் தோட்டத்துத் தமிழர்களும் அந்த நாவலில் வருகிறார்கள். துரை எழுதியதால் துரை பார்த்த கோணம்தான் இருக்கும். இருக்கட்டும். நம் கோணத்தை எழுத வேண்டியவர்கள் நாம்தானே? அமால்ஃபியில் காகித ஆலையைக் கண்ணாடி போட்டுக் காட்டுகிறார்கள். தென்னமரத்தைப் பார்க்க எத்தனை சுற்றுலாப் பேருந்து திரும்புகிறது?

இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பேசாமல் போனால் பாவம். 1942, 43. ஜப்பான்காரன் காலம். தோட்டங்களிலிருந்து ஆண்களை லாரியில் ஏற்றினார்கள். வேலை என்றார்கள், திரும்பி வரலாம் என்றார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்கள் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அந்தக் காட்டிலேயே முடிந்தார்கள். அங்கே செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது, பெயர் இருக்கிறது. நம் ஆட்களுக்கு? இந்த வட்டாரத்து லயங்களில் தகப்பன் முகம் தெரியாமல் வளர்ந்த ஒரு தலைமுறையே இருந்தது. அவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இப்போது மிகச் சிலர்.

பிறகு தோட்டங்களே போயின. விற்றார்கள், துண்டாடினார்கள், வீடமைப்பு வந்தது, தொழிற்பேட்டை வந்தது. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்று ஐந்து தோட்டத்து மக்கள் ஒரு சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு போராடினார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோட்டம் போன பிறகும் சில பெயர்கள் தமிழ்ப்பள்ளிப் பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கோல்பீல்ட்ஸ், ஹோப்புல், சிலாங்கூர் ரிவர். அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையைக் கேளுங்கள், ஹோப்புல் தோட்டம் எங்கே இருந்தது என்று. தெரியுமா? நாம் சொல்லாமல் எப்படித் தெரியும்?

மின்மினியைக்கூட நாம் பாதிதான் பார்க்கிறோம். கம்போங் குவாந்தானில் படகேறுகிறோம். பெரெம்பாங் மரத்தில் ஆயிரக்கணக்கில் ஒரே தாளத்தில் மின்னி அணைகிறது. ஆண் பூச்சிகள் பெண்ணை அழைக்கும் மின்னல் அது. ஆகா என்கிறோம், திரும்பி வருகிறோம். ஆனால் அந்தப் பூச்சி பிறப்பது மரத்தில் இல்லை. அதன் புழு கரையோரச் சேற்றில், நீப்பா, ரும்பியா பனைகளின் நிழலில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரை வரைக்கும் காட்டை அழித்துச் செம்பனை நட்டால் நத்தை போகும், நத்தை போனால் புழு போகும், புழு போனால் படகுக்காரருக்குப் பிழைப்பு போகும். மேலே கோல குபு பாருவில் அணை கட்டினால், கீழே ஆற்றின் உப்பும் நன்னீரும் கணக்கு மாறும். கிளையில் மின்னுவதை மட்டும் படம் பிடித்துக்கொண்டு சேற்றை மறந்துவிடுகிறோம். குன்றுக்கும் தோட்டத்துக்கும் நாம் செய்வதும் இதையேதான்.

ஆகையால் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. வருகிற பள்ளி விடுமுறையில் இந்த மண்டபத்து வாசலிலிருந்து ஒரு பேருந்து கிளம்பட்டும். காலையில் புக்கிட் மெலாவத்தி. வெயிலுக்கு முன் ஏறி, பீரங்கியும் அடக்கத்தலமும் அருங்காட்சியகமும் பார்த்துவிடலாம். பசியாறிவிட்டு புக்கிட் ரோத்தானில் சக்தி கோவிலைச் சேவிக்கலாம். மதியம் பத்தாங் பெர்ஜுந்தை. தென்னமரம் பக்கம் போக முன்கூட்டியே நிர்வாகத்துக்குக் கடிதம் போட்டு அனுமதி வாங்க வேண்டும், அதைச் செயலாளர் பார்த்துக்கொள்வார். பொழுது சாய்ந்ததும் கம்போங் குவாந்தான். பேருந்தில் பாதி இருக்கை பிள்ளைகளுக்கு, பாதி இருக்கை பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்கு. ஒரு பெரியவருக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார வேண்டும், இது கட்டாயம். வழிகாட்டி வேண்டாம். பெரியவர் பேசட்டும், பிள்ளை கைத்தொலைபேசியில் பதிவு செய்யட்டும். எந்தத் தோட்டம், எந்த லயம், எந்தக் கங்காணி, எவ்வளவு கூலி, கோவில் திருவிழா எந்த மாதம், யார் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை, எல்லாம் கேட்கட்டும். கேட்டதை எழுதிக் கொண்டுவந்தால் அச்சுக்கூலி என் பொறுப்பு.

உளி, மங்கு, நெற்றி விளக்கு, பழைய செக்ரோல், தோட்டத்துக் கிராணி எழுதிக் கொடுத்த சீட்டு, எது வீட்டில் கிடந்தாலும் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதீர்கள். அன்றைக்குக் கொண்டுவாருங்கள், படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம்.

வாசலருகே மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். பேருந்துக்கு வருகிறவர்கள் தேநீர் குடிக்கப் போகிற வழியில் பெயரையும் தோட்டத்தையும் எழுதிவிட்டுப் போங்கள். தோட்டம் இப்போது இல்லையென்றாலும் எழுதுங்கள்.